முதல் 'நீ'

வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க நினைப்பவர்கள் முன்பெல்லாம் என் மனைவியைத் தேடித்தான் வருவார்கள். அவள் இறந்துபோன பிறகு என்னிடம் வருகிறார்கள். எவ்வளவு காலம் ஆகும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் தத்து அலுவலகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாத ஒன்றை அவள் சொல்வாள். அவளைப் போலச் சொல்ல எனக்கு வராது, எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு. லென்ஸ் வெட்டுவது நான். அதை ஃபிரேமில் பொருத்தி, வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் தக்கபடி வளைத்துக் கொடுப்பது அவள். நாங்கள் தத்தெடுத்த மகள் வந்தபோது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். பசி, வலி, பயம், ஒன்றுக்கு வருகிறது என்பதற்கெல்லாம் அவள் மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று என் மனைவி முன்பே பாடம் பண்ணி வைத்திருந்தாள். அந்த வார்த்தைகளுக்கு வேலையே வரவில்லை. பிள்ளை எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். விழுந்து முட்டி சிராய்த்தபோதுகூட அழாமல் தானே துடைத்துக்கொண்டாள்.

தமிழைக் கடையில் உட்கார்ந்து கற்றதால் அவளுக்குக் கடைத் தமிழ்தான் வந்தது. "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று என் மனைவியின் குரலிலேயே சொல்வாள். வாசலில் படுத்திருக்கும் பூனையிடம்கூட "கொஞ்சம் தள்ளுங்க" என்பாள். மனைவி என்னைக் கூப்பிடும் 'ஏங்க'தான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் "ஏங்க சாப்பிடப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த மனுஷன் ரொம்ப நாள் என்னை 'மிஸ்டர் ஏங்க' என்றே கூப்பிட்டார்.

என் அக்காவுக்கு ஒரே பூரிப்பு. "என்ன மரியாதைடா! நான் பெத்தது ரெண்டும் என்னை வா, போன்னுதான் பேசுதுங்க. குடுத்து வச்சவங்க நீங்க."

"சொந்த வீட்ல புள்ளைங்க அப்படித்தான் பேசும் அண்ணி," என்றாள் என் மனைவி. "இவ இன்னும் விருந்தாளியாவே இருக்கா."

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று வீட்டு ஆய்வுக்கு வந்த தத்து அலுவலகப் பெண் அதிகாரிக்கும் அதே எண்ணம். 'குழந்தை இன்னும் ஒட்டவில்லை' என்று எழுதினார். அடுத்த ஆய்வுதான் கடைசி. அதிலும் அப்படியே எழுதினால், பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வதா என்று அவள் பிறந்த நாட்டில் முடிவு செய்வார்கள்.

கடைசி ஆய்வு நாளன்று காலையிலேயே அக்கா வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வந்ததும் ஓடிப்போய், அம்மான்னு கட்டிப் புடிச்சுக்கணும். என்ன?"

"சரிங்கம்மா," என்றாள் மகள்.

"விடுங்க அண்ணி. சொல்லிக் குடுத்து வர்றது எனக்கு வேணாம்."

அதிகாரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். என் மனைவி ஒரு ஃபிரேமின் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் திருப்புளி ஊசி மாதிரி இருக்கும். மகள் அதை எடுக்க, இவள் வாங்கி வைத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

"கண்ணுல குத்திடும், குடு." கையிலிருந்து பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

மகளின் முகம் சிவந்தது. "நீ போ!" என்று கத்தினாள். "நீ கெட்டவ! உன் கூட நான் பேச மாட்டேன்!" மேஜையில் இருந்த டப்பாவைத் தட்டிவிட்டாள். குட்டி ஸ்க்ரூக்கள் தரையெங்கும் சிதறின. மேஜைக்கு அடியில் புகுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயோ, தங்கமான புள்ளைங்க, இன்னிக்கு என்னமோ..." என்று அக்கா மென்று விழுங்கினாள்.

என் மனைவியின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். "கேட்டீங்களாம்மா?" என்றாள் அதிகாரியிடம். "என்னை 'நீ'ன்னுட்டா. மொத தடவ!"

"திட்டறா. அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார் அதிகாரி.

"வேற யாரைத் திட்டுவா? உங்களை 'போ'ன்னு சொல்ல வைங்க பாப்போம்."

அதிகாரி மேஜைக்கு அடியில் குனிந்தார். "பாப்பா, அப்ப நான் போகட்டுமா?"

உள்ளிருந்து விசும்பலோடு பதில் வந்தது: "போயிட்டு வாங்கம்மா."

அதிகாரி சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். மகள் ஓவென்று அழத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் அவள் அழுது நாங்கள் கேட்டது அன்றுதான். என் மனைவி தரையில் உட்கார்ந்து, தூக்காமல், கூப்பிடாமல், கையை மட்டும் நீட்டி வைத்தாள். சின்னக் கால் ஒன்று அதை உதைத்தது. இன்னொரு முறை உதைத்தது. பிறகு மகளே நகர்ந்து நகர்ந்து வந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதும் "பேச மாட்டேன் போ" என்றாள்.

'தாயிடம் கோபித்துக்கொள்கிறாள்' என்று அதிகாரி எழுதினார். பிள்ளை எங்களுடனேயே இருந்தாள்.

மற்ற தாய்மார்கள் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது போல, என் மனைவி வந்த தம்பதிகளிடமெல்லாம் இதைச் சொன்னாள். அடங்கி ஒடுங்கி இருக்கிற பிள்ளையைப் பார்த்து மயங்காதீர்கள், உங்களிடம் கோபப்படுகிற அளவுக்கு அது தைரியப்படட்டும், அதுவரை காத்திருங்கள் என்பாள்.

நான் அதற்குப் பிறகும் பல மாதம் 'நீங்க'வாகத்தான் இருந்தேன். ஒரு நாள் தலை சீவும்போது சிக்கை இழுத்துவிட்டேன். "போப்பா, உனக்கு ஒண்ணுமே தெரியல!" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல ஓடினேன்.