பம்புக்கு ஊற்றிய தண்ணீர்

அருள்செல்வன் மறுபடியும் சுவிட்சைப் போட்டான். கீழ்வாசல் மூலையில் பிரஷர் பம்ப் உறுமியது. மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"காத்துதானுங்க வருது," மாடிக் குளியலறையிலிருந்து மனைவி பரணியின் குரல் கேட்டது. "புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுங்க."

மகள் யாழினிக்கு வியர்க்காது. பிறக்கும்போதே அவள் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறினால் சூடு வெளியேற வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் நாளெல்லாம் ஷவரடியில்தான் விளையாடுவாள். போன வருஷம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு கூட்டி வாருங்கள் என்று டாக்டர் அப்போது கண்டித்திருந்தார்.

அந்த வீட்டில் மேல்தொட்டி கிடையாது. தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து பம்ப் இழுத்துக் கொடுத்தால்தான் குழாயில் தண்ணீர். தொட்டியைத் திறந்து மொள்ளலாம் என்றால், அதன் மூடியின்மேல் வீட்டு உரிமையாளர் ஈஸ்வரமூர்த்தியின் கார் நின்றது. அவர் மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. சுற்றிலும் குடியிருப்பவர்கள் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் வீதியெங்கும் பூட்டுகள். கேன் தண்ணீர்க்காரர் வர நேரமாகும் என்றார்.

பிளம்பர் கன்னையன் காங்கேயத்தில் வேலையாக இருந்தார். போனிலேயே சொன்னார்: "பம்புல தண்ணி வத்திருக்குமுங்க. மேல இருக்கற மூடியக் கழட்டி ரொம்பற வரைக்கும் ஊத்திப் போடுங்க. அப்பவும் ஏறலீன்னா, தொட்டீலிருந்து வர்ற பைப்புல எங்கியோ காத்து இழுக்குதுங்க."

கேனின் அடியில் கிடந்த தண்ணீரை ஊற்றினான். முள் துள்ளி எழுந்து, உடனே படுத்துவிட்டது.

பைப்பின் மேல் காதை வைத்தான். வெயிலில் காய்ந்த பைப் கன்னத்தைச் சுட்டது. பம்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இணைப்பில் மெல்லிய சீறல் கேட்டது. விரலை வைத்தான், அந்த இடம் விரலை உள்ளே இழுத்தது. பம்பை நிறுத்திவிட்டுப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றி இறுக்கினான்.

இனி ஊற்றத் தண்ணீர் வேண்டும். மாடிக்கு ஓடினான்.

பரணி பிள்ளையை மடியில் கிடத்தி, ஃபிரிட்ஜிலிருந்த கடைசிப் பாட்டிலால் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாழினியின் முகம் சிவந்து உலர்ந்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

"பாட்டிலக் குடு பரணி."

"இருக்கறதே இதுதானுங்க."

"இது புள்ள ஒடம்புக்கு எத்தன நேரம் தாங்கும்? பம்பு ஏறுச்சுன்னா தொட்டித் தண்ணி பூரா வரும்."

"ஏறலீன்னா?"

அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு படியிறங்கினான்.

ஒரு சொட்டும் சிந்திவிடாதபடி ஊற்றி, மூடியை முறுக்கி, சுவிட்சைப் போட்டான். முள் எழுந்தது. நடுங்கியது. இறங்கப் பார்த்தது. டியூப் சுற்றிய இடத்தை இரண்டு கைகளாலும் கவ்விப் பிடித்தான். உள்ளே தண்ணீர் முட்டுவது கைக்குத் தெரிந்தது. முள் மெல்ல மேலேறி நின்றது.

மேலே ஷவர் இருமித் துப்பிற்று. பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதோடு பரணியின் குரல்: "யாழினீ, கண்ணு, இங்க பாரு கண்ணு." வேறு சத்தமே இல்லை. போய்ப் பார்க்க வேண்டும்; ஆனால் கையை எடுத்தால் முள் விழுந்துவிடும். முட்டி போட்டபடி மூச்சடக்கிக் கேட்டான்.

வெகுநேரம் கழித்துப் பிள்ளை அழுதாள். முதலில் முனகலாக, பிறகு வீறிட்டு.

தலைமுதல் கால்வரை நனைந்திருந்த பரணி, பிள்ளையை ஈரத்துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள்.

"சூடு எறங்கீருச்சுங்க. கைய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவனால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பரணி குனிந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டாள்.