மாமா போடாத கையெழுத்து

விமானத்தை முப்பதாயிரம் அடிக்கு ஏற்ற அரைமணி நேரம் போதும். விமானிகளின் ஒப்பந்தத்தை மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தத்தான் இரண்டாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், நிர்வாகத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த மேலாளர். மனிதர் பொல்லாதவர் இல்லை, அதுதான் தொந்தரவு. திட்டினால் திருப்பித் திட்டலாம். அவரோ பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்து, "எட்டாம் பக்கத்துல ஒரு கமா இடிக்குது. அடுத்த வாரம் பார்ப்போமே" என்பார். ஒரு வாரம் ஏ.சி. ஓடவில்லை என்று எழுந்தார். அடுத்த வாரம் ஏ.சி. ரொம்ப ஓடுகிறது என்று எழுந்தார். சங்கத் தலைவரான கேப்டன், புயலுக்குள் விமானத்தை இறக்கியபோதும் பதறாத ஆள், பிஸ்கட்டைக் கண்டாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆனால் அந்த அறையில் நிஜமாக வயிறு எரிந்தது கடைசி நாற்காலியில் இருந்த கோ-பைலட்டுக்குத்தான். அவன் காதலித்தது மேலாளரின் ஒரே மகளை. சங்கத்துக்கு இது தெரியாது. தெரிந்தால் எதிரியின் ஒற்றன் என்று தோலை உரித்துவிடுவார்கள். மேலாளருக்குத் தெரியும். பெண் கேட்கப் போனபோது அவர் மறுக்கவும் இல்லை. "மாசத்துல எத்தனை நாள் வீட்டுல இருப்பேன்னு உனக்கே தெரியாது தம்பி. புது ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், மறுநாளே தேதி குறிச்சிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போடவேண்டியவரே அவர்தான் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மேஜையில் 'சார்', வீட்டில் 'மாமா'. இரண்டு இடத்திலும் ஒரே பதில்: பார்ப்போம்.

ஒருவழியாக மேலிடமே எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேலாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். "பேனா எழுதலை. திங்கட்கிழமை பார்ப்போம்." சுற்றியிருந்த விமானிகள் அத்தனை பேரும் பேனாவை நீட்டினார்கள். "எனக்குப் பழகின பேனாதான் வரும்" என்று எழுந்து போய்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

"திங்கட்கிழமையும் இழுத்தா வேலைநிறுத்தம்தான்!" என்று கேப்டன் மேஜையைக் குத்தினார்.

கோ-பைலட் நேரே மேலாளர் வீட்டுக்குப் போனான். அவர் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார், மகள் அடுப்பருகே நின்றாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் சமையல் இருவருக்கும் பங்கு.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காமலா உனக்கும் சேர்த்து நறுக்குறேன்?"

"அப்ப ஏம்ப்பா கையெழுத்துப் போடலை?" என்றாள் மகள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கடைசி விதி என்ன? விமானிங்க விரும்பின ஊர்லயே தங்கிக்கலாம். இவன் ஊர் அந்தக் கோடியில இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் பறந்துடுவீங்க. அப்புறம் இந்த வீட்டுல நான் யாருக்கும்மா நறுக்குறது?"

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கோ-பைலட்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருக்கிற விமானிகளெல்லாம் ஒப்பந்தம் கேட்டுக் கறுப்புப் பட்டை கட்டித் திரிந்தது இதற்காகவா! ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட முடியவில்லை. பாவமாக இருந்தது.

"நான் இந்த ஊரையே கேட்டு வாங்கிக்கிறேன் மாமா. எழுதிக் கொடுக்கட்டுமா?"

கமாவுக்கு ஒரு வாரம் கேட்ட மனிதர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "வீட்டுப் பேச்சுக்கு எதுக்குப்பா எழுத்து?"

திங்கட்கிழமை, உட்கார்ந்த வேகத்திலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தில் நிஜமாகவே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. கேப்டனே அதைக் காட்டினார். "அது கிடக்கட்டும் விடுங்க" என்றார் மேலாளர்.

அறை அதிர்ந்தது. கேப்டன் நாற்காலிமேல் ஏறி நின்றார். "பார்த்தீங்களா! வேலைநிறுத்தம்னு ஒரு வார்த்தை சொன்னேன், மனுஷன் ஆடிப்போயிட்டார்!"

வாசல்வரை போன மேலாளர் திரும்பினார். சந்தோஷத்தில் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"மாப்பிள்ளை, லேட் பண்ணாம சாப்பிட வந்துடுங்க."

எல்லாத் தலைகளும் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பின. கேப்டன் மெல்லக் கீழே இறங்கினார். இனி தோலை உரித்தாலும் பரவாயில்லை என்று கோ-பைலட் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "இதோ வந்துட்டேன் மாமா."