மூன்றாம் எண்

அலுவலகத்தில் அவளுக்குக் கதவுக்காரி என்று பட்டம். வாயைத் திறந்தால் கதவுப் பேச்சுதான். அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் ஓர் அழைப்பு மணி உண்டு. பொத்தானை அமுக்கினால் செய்தி கீழ்த்தளத்து சர்வருக்குப் போகும். இவள் எழுதிய நிரல் அதை வாங்கி நர்ஸ் மேசைத் திரையில் காட்டும். செய்தி நுழையும் சாக்கெட்டைத்தான் அவள் கதவு என்பாள். அதை நிரல் திறப்பதில்லை. சர்வரில் எல்லா நிரல்களையும் எழுப்பி மேய்க்கிற 'சேவை மேலாளர்' என்ற தலைமை நிரல் முன்கூட்டியே திறந்து, எண் போட்டுக் கையில் கொடுத்துவிடும். முந்திய எண்கள் வேறு வேலைக்கு என்பதால் கதவுகளின் எண் மூன்றில் தொடங்கும்.

"என் புரோகிராம் படுத்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும். வர்ற மணியெல்லாம் வரிசையில நிக்கும். ஒண்ணுகூடத் தொலையாது" என்று மார்தட்டுவாள். பொய்யில்லை.

எண்ணோடு பெயரும் வரும். பெயரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருப்பதே ஒரு கதவு, அதற்குப் பெயர் விசாரணை வேறா என்று, மூன்றாம் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி எழுதிவிட்டாள். சோம்பேறித்தனம், வேறென்ன!

அந்த வாரம் அவளுடைய அக்கா ஒன்பதாம் கட்டிலில் இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன். தாயில்லாத வீட்டில் இவளைத் தூக்கி வளர்த்தவள்.

"வலிச்சா இதை அமுக்குக்கா. பச்சை எரிஞ்சா போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். கத்திக் கித்தி என் மானத்த வாங்காத."

"சரிடி, பெரிய மனுஷி" என்று அக்கா சிரித்தாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மேசைக்காரன் ஏதோ சோதனைக்கென்று இன்னொரு கதவைச் சேர்த்தான். போயும் போயும் கதவுப் பட்டியலின் தலையில் சேர்த்தான். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி எழுப்பியபோது புதுக்கதவு மூன்றானது, மணிக்கதவு நான்கானது. நிரல் வழக்கம்போல மூன்றை எடுத்துக்கொண்டு, வராத விருந்தாளிக்குக் காத்திருந்தது. நான்கில் வந்த மணிகள் வரிசையில் நின்றன. கதவு திறந்துதானே இருக்கிறது! செய்தி கதவை எட்டினாலே போதும், கட்டில்களில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது.

ஒன்றரை மணிக்குத் தலைமை நர்ஸ் போன் செய்தாள்.

"என்னம்மா, பன்னண்டு மணியிலேர்ந்து ஒரு மணியும் அடிக்கல? வார்டு மொத்தமும் குணமாயிடுச்சா?"

கதவுக்காரி விஷயத்தைத் தோண்டிக் கண்டுபிடித்து, பக்கத்து மேசைக்காரன்மேல் பாய்ந்தாள். "யாரக் கேட்டுச் சேர்த்தே?"

"பேரப் பார்த்துதான் எடுக்கும்னு நெனச்சேன்" என்றான் அவன்.

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். பெயரைப் பார்த்து எடுக்கும்படி இரண்டே வரிதான் திருத்த வேண்டியிருந்தது. திருத்தி நிரலை மறுபடி ஓட விட்டாள்.

நின்றிருந்த மணிகள் அமுக்கிய நேரத்தோடு ஒன்று விடாமல் வந்து விழுந்தன. நான்காம் கட்டில். இருபது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. எண்ணினாள், பதினொரு ஒன்பது. கடைசியாக அமுக்கியது ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு.

படியேறி ஓடினாள். ஒன்பதாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாருக்கும் அவசரமில்லை. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, நர்ஸ் சுற்றிப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது, அரை மணி முன்னால் கூப்பிட்டிருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் கட்டில் அம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்:

"நான் கத்திக் கூப்பிடறேன்னு எத்தனையோ தடவ சொன்னேம்மா. வேணாங்க, பச்சை எரியுது பாருங்க, என் தங்கச்சி செஞ்சது, வந்துடுவாங்கன்னு என் வாயையும் அடைச்சுட்டாங்க."