உயிரோடு இருப்பவர்களின் கணக்கு

"பத்துல ஆறு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு உங்க கணக்கே சொல்லுது. எனக்கு ஒரு வைத்தியமும் வேணாம்" என்று உனாய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்பில் இருப்பது புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது.

அக்கா லைசானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைநகர் சுவாவில் புற்றுநோய்க் கணக்கு எழுதுவதே அவள் வேலை. அந்தக் கணக்கு கோணல் என்று அவளுக்குத் தெரியாதா? செத்தவர் சேதி சாவுப் பதிவிலிருந்து தானாக வந்துவிடும். பிழைத்தவர் எதற்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்போகிறார்? தீவில் கிழங்கு நட்டுக்கொண்டிருப்பார். கடைசியாக வந்த நாளோடு அவர் கணக்கிலிருந்து கழன்றுவிடுவார். அப்புறம் சாவுதானே பெரிதாகத் தெரியும்!

வராதவர்களை எல்லாம் போனில் தேட ஆரம்பித்தாள். வைத்தியம் முடிந்து கண்டாவு தீவுக்குத் திரும்பிய தித்திலியாவுக்குப் போட்டபோது புருஷன் செமி எடுத்தான். அவன் ஊரும் இவள் ஊரும் தௌவூ முறை. என்ன கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது.

"அவளா? எப்பவோ செத்துட்டா, தௌவூ. ஆவிதான் கிழங்கு தோண்டுது."

"யாருய்யா ஆவி?" என்று பின்னாலிருந்து தித்திலியா கத்தினாள்.

இப்படிப் பலர் கிடைத்தார்கள். பத்தில் ஏழு பேர் உயிரோடு என்று கணக்கு மாறியது. ஒரு மாதம் ஆகியும் உனாய்சி நம்பவில்லை. "வைத்தியம் பண்ணிக்கிட்டவளையே பேச வைக்கிறேன், வா" என்று அவளை இழுத்து உட்காரவைத்து, கண்டாவுக்கு மறுபடி ஸ்பீக்கரில் போட்டாள் லைசானி.

"என்ன தௌவூ, ஆவியை இன்னும் புதைக்கலையா?"

"நேத்துத்தான் புதைச்சோம்."

லைசானி விழுந்து விழுந்து சிரித்தாள். செமி சிரிக்கவில்லை. பின்னால் பெண்கள் அழுதுகொண்டே துதிப்பாட்டுப் பாடுவது கேட்டது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டாள்! "பரவால்ல, நானும் இப்படித்தானே பேசினேன்" என்று அவனே சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

உனாய்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதையும் கணக்குல ஏத்துவியா?"

கணக்கை முடிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது; இந்தச் சாவும் அதில் சேரவேண்டியதுதான். தித்திலியாவை உயிரோடு விட்டுவைத்தால் கேட்க ஆளில்லை. தங்கையும் ஒருவேளை சம்மதிப்பாள். லைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறந்தவர் பக்கம் தித்திலியாவின் பெயரை ஏற்றினாள்.

"ஏழு கொஞ்சம் குறையுதுடி" என்றாள்.

"குறைச்சியே, அதான் நம்புறேன்." உனாய்சி எழுந்தாள். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வா, அக்கா. ஆனா ஒண்ணு, என் பேரையும் இப்படித்தான் எழுதணும். என்ன ஆனாலும்."