சூடம் அணைத்தவர்கள்

அரியமுத்துவை எனக்குப் பிடிக்காது என்று இன்றைக்குச் சொல்லலாம். தொண்ணூற்றாறில் அவர் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து பேசியபோது, சொன்னதை அப்படியே விழுங்கிய முதல் ஆள் நான்தான். அரியலூர்ப் பக்கம் முழுக்க ஒரு சிமெண்ட் கம்பெனி சுண்ணாம்புக்கல் தோண்ட நிலம் கேட்டுக்கொண்டிருந்தது. "என் நெலத்துல ஒரு குழிகூட கொடுக்க மாட்டேன்" என்று அய்யனார் கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். பின்னாலேயே முப்பது குடும்பமும் அணைத்தோம்.

மறியலில் போலீஸ் அடித்து என் வீட்டுக்காரர் ராசாங்கத்துக்குக் கால் முறிந்தது. அரியமுத்துவுக்குப் பதினைந்து நாள் ஜெயில். அடுத்த தேர்தலில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். முதல் மாலையைப் போட்டவள் நான், மடச்சி.

அப்புறம் ஒவ்வொருத்தராக விற்றார்கள். விற்றவர்கள் பெரம்பலூரில் வீடு கட்டி நன்றாகத்தான் இருக்கிறார்கள். சுற்றிலும் தோண்டிய பள்ளம் எங்கள் கிணற்றை வற்றவைத்துவிட்டது. இரண்டாயிரத்து ஆறில் கத்தரிச் செடி பூவோடு கருகியது. எங்கள் இரண்டு ஏக்கரைக் கம்பெனிக்கு விற்று வேறெங்காவது உழலாம் என்றேன். சத்தியத்தை மீற மாட்டேன் என்றார் இவர். சரி, சத்தியத்தைத் தொடங்கிவைத்தவரையே கேட்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அரியமுத்து அந்த வருஷத் தேர்தலில் தோற்றிருந்தார். "வித்துடுங்க வீரம்மா" என்றார்.

"சத்தியம் இருக்குதேங்கய்யா" என்றார் இவர்.

"நாங்களே வித்துட்டோம் ராசாங்கம். நெலம் என் சம்சாரம் அமிர்தவல்லி பேர்லதான இருந்துச்சு. சூடம் அணைச்சது நான்தான, அவ இல்லியே."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்களும் மாட்டு பேர்ல எழுதி வெச்சிருப்பமேங்க" என்றேன்.

மறுநாளே கம்பெனி ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த சர்வே நம்பர்ல கல்லே இல்லம்மா. தொண்ணூத்தஞ்சுலயே துளை போட்டுப் பாத்துட்டாங்க. இந்த நெலத்த நாங்க கேக்கவே இல்லியே."

"கேக்கவே இல்லீங்களா?" என்றார் இவர்.

"இல்லீங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இவர், "அப்ப எதுக்கு வீரம்மா நான் அடி வாங்குனேன்?" என்று கேட்டார்.

"நடங்க, பஸ் போயிடும்" என்றேன்.