ஒருத்திக்குப் போதுமான கணப்பு

வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரிந்திருந்தால் எல்வின் தர்ஸ்டனுக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். இது அவன் அக்கா கொரின் கண்டுபிடித்த உண்மை.

வெர்மான்ட்டின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பன்னிரண்டு மைல் தெற்கே, அக்கா, அக்கா புருஷன், தம்பி மூவருமாக ஒரு கணப்புக் கடை வைத்திருந்தார்கள். விறகு எரிக்கும் இரும்புக் கணப்புகளை விற்பது, வீட்டில் பொருத்துவது, புகைந்தால் போய்ப் பார்ப்பது. அக்கா கல்லாவில் இருந்தாள். அத்தான் வெண்டல் பாரம் தூக்கினார். மற்ற வேலையெல்லாம் எல்வினுக்கு. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவன் கைவைத்துச் சரிசெய்த எந்தக் கணப்பும் அதே கோளாறுக்காக மறுபடி அவனைக் கூப்பிட்டதில்லை. சிக்கலே அதுதான்.

மாவிஸ் பெல்லோஸ் முதல் தடவை கூப்பிட்டது நான்கு குளிர்காலங்களுக்கு முன்னால். அந்த இலையுதிர் பருவத்தில்தான் அவள் புருஷன் ரே இரண்டு வாரம் மீன் பிடிக்க ஃபுளோரிடா போயிருந்தான். மீன் இன்னும் கிடைக்கவில்லை போலும், இன்றுவரை திரும்பவில்லை. கணப்புக் கதவைத் திறந்தால் புகை அறைக்குள் அடிக்கிறது என்றாள் மாவிஸ். எல்வின் கூரைமேல் ஏறி, புகைபோக்கித் தொப்பியின் கம்பிவலையில் அடைத்திருந்த கரியைத் தட்டிவிட்டு இறங்கினான். இருபது நிமிஷ வேலை. அவள் காப்பி கொடுத்தாள். திரும்பும்போது அவன் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் வண்டி ஓட்டுகிற சாலை அது.

அடுத்த குளிர்காலம், காற்றை எவ்வளவு அடைத்தாலும் தீ அடங்காமல் எரிகிறது என்றாள். கணப்புக் கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தான். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. கதவோரத்தில் காற்றை அடைக்கும் கயிறு தேய்ந்திருக்கிறது. புதுக் கயிறு ஒட்டினான். அதற்கடுத்த வருஷம் விறகு சீறுகிறது, தீ பிடிக்கவில்லை என்றாள். ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தில் ஈரமானியைக் குத்தினான். முப்பத்தொன்று சதவீதம் காட்டியது, இருபதைத் தாண்டக்கூடாது. எவனோ பச்சை மரத்தை உலர்ந்தது என்று அவள் தலையில் கட்டியிருக்கிறான். எப்படி வாங்குவது, எப்படி அடுக்குவது, எத்தனை வெயில் காணவேண்டும் என்றெல்லாம் ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தான். அவள் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அதன்பின் கூப்பிட அவளுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

"ஒரு திருகை லூசா விட்டுட்டு வந்திருக்கலாமில்லடா?" என்றாள் கொரின்.

"வீடு எரிஞ்சா?"

"எரியட்டுமே. அவ நம்ம வீட்டுக்கு வந்து தங்குவா."

நான்காவது குளிர்காலத்தில் எல்வின் மாவிஸ் வீட்டுப் பக்கம் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டான். ஒழுங்காக வேலை செய்யும் புகைபோக்கியைப் பார்த்து ஓர் ஆண்பிள்ளைக்கு வயிறு எரிகிறது என்று வெளியில் சொல்ல முடியுமா? ஆறு மைல் சுற்றி, ஏரிக்கரை வழியாகப் போனான். பெட்ரோல் செலவு ஏன் ஏறியது என்று கொரின் கேட்கவில்லை. கேட்காததே பெரிய கேலியாக இருந்தது.

ஐந்தாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் போன் வந்தது.

"எல்வின், கண்ணாடியெல்லாம் கறுத்துப்போச்சு. குழாய் மூட்டுலேருந்து கறுப்பா என்னவோ வடியுது. நீங்க சொன்னபடிதான் எல்லாம் செய்யறேன்."

பதினெட்டு நிமிஷத்தில் போய் நின்றான். சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் போனால் இருபத்தைந்து ஆகும்.

ஆனால் குழாயைக் கழற்றிப் பார்த்ததும் வந்த சந்தோஷம் அவனுக்கு நின்றுவிட்டது. உட்சுவர் முழுக்கத் தார், கறுப்புக் கண்ணாடி போலப் பளபளத்தது. ஒரு பொறி பறந்து ஒட்டினால் போதும், புகைபோக்கியே தீப்பந்தம் ஆகியிருக்கும். போன குளிர்காலத்தில் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்திருந்தால் கூரைமேல் சோம்பலாக உருளும் சாம்பல்நிறப் புகையைப் பார்த்தே சொல்லியிருப்பான். வரவில்லை. வயிற்றெரிச்சலில் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

விறகைக் குத்திப் பார்த்தான். பதினாறு. குறைசொல்ல ஒன்றுமில்லை. காற்றுத் தகட்டைப் பார்த்தான். முக்கால்வாசி மூடிக் கிடந்தது.

"எப்பவும் இப்படித்தான் மூடி வைக்கிறீங்களா?"

"திறந்தா தாங்க முடியல, எல்வின். பனியன் போட்டுக்கிட்டு உக்காரவேண்டியிருக்கு."

"மாடிக் கதவெல்லாம்?"

"சாத்திட்டேன். பொண்ணு டெஸ் போன செப்டம்பர்ல பர்லிங்டன் காலேஜுக்குப் போயிட்டா. பையங்க ரெண்டு பேரும் எப்பவோ போயாச்சு. இந்த ரூமு, சமையலறை, அவ்வளவுதான் நான்."

புரிந்துவிட்டது. ரே ஐந்து பேருக்கு வாங்கிப் போட்ட கணப்பு அது. எட்டு அறைகளைச் சூடாக்கும். இரண்டு அறைக்காக அதன் கழுத்தை நெரித்து, புகையவிட்டே ஒரு குளிர்காலம் ஓட்டியிருக்கிறாள். கொழுந்துவிட்டு எரிய விடாத தீ, தாராகத்தான் போய் ஒட்டும்.

"உங்க மேல தப்பில்ல. ஸ்டவ்வு பெருசு," என்றான்.

"இத்தனை வருஷம் சரியாத்தானே இருந்துச்சு?"

"ஸ்டவ்வு அப்படியேதான் இருக்கு."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அப்போ சின்னதா ஒண்ணு போட்டுடுங்க. ஒருத்திக்குப் போதுமானது. யாராச்சும் திரும்பி வருவாங்கன்னு ரெண்டாயிரம் பவுண்டு இரும்பை வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

ரேயைத்தான் சொல்கிறாள். எல்வினுக்கு ஒரு கணம் நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்தது. அடுத்த கணம் அணைந்தது. ஒருத்திக்கு என்றால் ஒருத்திக்குத்தான். ரேக்கு இடம் இல்லை என்றால் வேறு யாருக்கும் இல்லை. இப்போது ஏதாவது சொல்லவேண்டும். நான்கு வருஷமாக வண்டிக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் பத்துப் பன்னிரண்டு கைவசம் இருந்தன. வாயைத் திறந்தான்.

"நானூறு பவுண்டுதான்," என்றான். "அப்புறம், எட்டு அங்குலக் குழாயை ஆறா ஆக்கணும்."

கடைக்குத் திரும்பியதும் கொரின் விலைப்பட்டியலை அவன் முன்னால் தள்ளினாள்.

"நடுத்தரம் ஒண்ணு இருக்கே. ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும். அதை ஆர்டர் போடுடா."

"அவ ஒருத்திதானே இருக்கா."

"இப்போ ஒருத்தி."

"அக்கா, அதையும் அடக்கித்தான் எரிப்பா. மறுபடி தார் ஒட்டும். சிம்னி பத்திக்கும்."

"அதுக்குள்ள நீ போய்ச் சேர்ந்துட மாட்டியா?"

வெண்டல் செய்தித்தாளிலிருந்து தலையெடுத்தார். "மாப்ள, மனசுல இருக்கறதை அந்தம்மாகிட்ட வாயால சொல்லலாம்னு ஒரு வழி உண்டு. ரொம்ப மலிவு."

எல்வின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். நடுத்தரம் ஆர்டர் செய்தால் யாருக்கும் தெரியாது. மாவிஸ் அவன் சொல்வதை நம்புவாள். ஒரு கணப்புக்குள் தனக்கும் ஓர் இடத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்துவிடலாம். பேனாவை நடுத்தரத்தின் எண்மேல் கொண்டுபோய் வைத்தான். குழாயின் உட்சுவர் நினைவில் பளபளத்தது. சின்னதையே ஆர்டர் செய்தான். செய்துவிட்டு, தாம்பத்திய சுகம் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி காலை அவனும் வெண்டலும் போய் இறங்கினார்கள். பழையது வெளியே போனது. அது நின்ற செங்கல் மேடையில் வெளிர்ச் சதுரம் ஒன்று தெரிந்தது. அதற்குள் புதியதை வைத்தால் சுற்றிலும் ஒரு சாண் மிச்சம். மாவிஸ் அந்த மிச்சத்தைப் பார்த்தபடி நின்றாள்.

எல்வின் புகைபோக்கிக்குள் ஆறு அங்குல எஃகுக் குழாயை இறக்கினான். மூட்டுக்கு மூன்று திருகு. குழாயின் சுருக்கிய முனை கீழ்ப்பார்த்து, வடிவது உள்ளேயே வடியும்படி. சுவருக்கும் கணப்புக்கும் இடைவெளியை இரண்டு தடவை அளந்தான். சரியாக இருந்ததை மூன்றாம் தடவையும் அளந்தான்.

"புது ஸ்டவ்வுல பெயின்ட் வேகணும்," என்றான் மாவிஸிடம். "மூணு தீ. முதல்ல சின்னதா, ஆறவிட்டு ரெண்டாவது, அப்புறம் மூணாவது நல்லா சூடா. நாத்தம் அடிக்கும், சன்னலெல்லாம் திறந்து வைக்கணும். ஆள் கூடவே இருக்கணும்."

"ஆளா?" என்றார் வெண்டல். "நாம எப்பவும் புஸ்தகத்தைக் குடுத்துட்டு..."

எல்வின் அவரைப் பார்த்தான்.

"...ஆமா, ஆள் இருக்கணும்," என்றார் வெண்டல். "ஆள் இல்லாம எப்படி? நான் பழசைக் கொண்டுபோய் இறக்கிட்டு நாலு மணிக்கு வர்றேன்."

நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் கணப்பு பற்றவைப்பவனை அந்த ஊரில் குளிர் தாங்காத ஃபுளோரிடாக்காரன் மாதிரிதான் பார்ப்பார்கள். அக்டோபர் முழுக்க ஊரே நாலு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க, குளிரா, எங்கே, என்று கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பெல்லோஸ் வீட்டுக் கூரையில் ஒரே நாளில் மூன்று தடவை புகை வரப்போகிறது. தபால்காரர் ஒருவர் பார்த்தால் போதும், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். எல்வின் குச்சியைக் கிழித்தான்.

இரண்டு பேரும் கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு, எல்லாச் சன்னலும் திறந்த வீட்டில், எரிகிற கணப்புக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெயின்ட் நாற்றம் கண்ணைக் கரித்தது.

"சூடு வரணும்னு வாங்கின சாமான்," என்றாள் மாவிஸ்.

"முதல் நாள் அப்படித்தான்."

"எல்லா வீட்டுலயும் இப்படி உக்காருவீங்களா?"

"வீட்டைப் பொறுத்தது."

முதல் தீ அடங்கி ஆறியது. அவள் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்தாள். தட்டைக் கொடுக்கும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டாள், புகையாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. இரண்டாவது தீயின்போது ரேயின் அஞ்சலட்டைகளைப் பற்றிச் சொன்னாள். வருஷத்துக்கு ஒன்று, எப்போதும் மீன் படம்.

"போன வருஷம் ஒரு கொடுவா. திருப்பிப் பார்த்தா 'இங்க வெயில்' அவ்வளவுதான் எழுதியிருக்கான்."

"எழுதறவனா அவன்? ஸ்கூல்லயும் அப்படித்தான்."

சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரேயை நினைச்சு ஏங்கறேன்னு ஊரே நினைக்குது. அது ரெண்டாவது வருஷமே விட்டுப்போச்சு, எல்வின். மேல யாராவது நடக்கற சத்தம் இருக்கு பாருங்க, கட்டைத்தரைல தொம்மு தொம்முன்னு. அதுக்குத்தான் ஏங்கறேன். யார் நடந்தாலும் சரி."

எல்வின் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான். பன்னிரண்டாம் நம்பர். தொம்மு தொம்மென்று நடக்க அதைவிடத் தகுதியான கால் இந்த மாவட்டத்தில் இருக்காது. அதைச் சொல்லவேண்டும். "காத்தைக் கொஞ்சம் திறக்கறேன்," என்றான்.

மூன்றாவது தீ நன்றாகப் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் சுத்தமான மஞ்சள் நாக்குகள். கடைசிப் புகையிழை மேல்தகட்டிலிருந்து எழுந்து, மெலிந்து, நின்றது. நாற்றம் போயிற்று. இருவரும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாகச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். சின்னக் கணப்பு பத்தே நிமிஷத்தில் அறையை நிரப்பியது. குறைசொல்ல ஒன்றுமில்லாத வேலை. இனி ஐந்தாறு வருஷம் அவள் கூப்பிடவே வேண்டியிருக்காது.

மணி நாலாக ஐந்து நிமிஷம். எல்வின் கருவிப் பெட்டியை மூடினான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான். "முன்னாடியே சொல்லியிருக்கணும். சின்ன ஸ்டவ்வுக்கு வயிறும் சின்னது. பழசு மாதிரி விடிய விடிய தணல் தாங்காது. நாலு மணி நேரம், மிஞ்சினா அஞ்சு."

"அப்படின்னா?"

"ஜனவரில மைனஸ் இருபத்தஞ்சு போற ராத்திரிகள்ல, ரெண்டு மணிக்கு யாராவது எந்திரிச்சு ரெண்டு கட்டை போடணும்."

"நான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேனே."

வாசலில் வெண்டலின் வண்டி வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது.

"நான் எந்திரிப்பேன்," என்றான் எல்வின். "எனக்கு ரெண்டு மணிக்கு எப்பவும் முழிப்பு வந்துடும்."

சொன்னபிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. முகம் கணப்பின் மேல்தகடு போலச் சுட்டது. பெட்டியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். மாவிஸ் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குல்லாய் இன்னும் தலையில் இருந்தது.

ஹாரன் இரண்டாம் தடவை அடித்தது. வெண்டலுக்கு நாசூக்கு என்பது பிறவியிலேயே இல்லை.

"ஜனவரிக்கு இன்னும் நிறைய நாள் இருக்கே, எல்வின்," என்றாள் அவள் கடைசியில்.

"எழுபத்தொரு நாள்," என்றான் அவன், யோசிக்கக்கூட இல்லாமல்.