அப்பா கேட்ட ஸ்டெப்னி

அண்ணன் வீட்டுக்கு அப்பாவைக் கொண்டுபோய் விடுவது என்று முடிவானதும், அப்பாவிடம் பொய்தான் சொன்னேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுச் சேர்ந்தே திரும்பலாம் என்றேன். உண்மையில் அவர் இனிமேல் அங்கேதான். அண்ணனிடம் கெஞ்சி, கடைசியில் சண்டையே போட்டுச் சம்மதிக்க வைத்திருந்தேன். என்னால் முடியவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, பகல் முழுக்கக் கடை கடையாய் மாவு மூட்டை இறக்கி, இரவில் அவர் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போய், என் இடுப்பு எனக்கே சொந்தமில்லை என்றாகிவிட்டது. நான் கல்யாணம் ஆகாத தனிக்கட்டைப் பெண். ஒரு நாள் மாற்றி விட ஆள் கிடையாது.

அண்ணன் ஊர் மலைப்பாதையில் இரண்டு நாள் பயணம். ரயில் படியில் அப்பாவால் ஏற முடியாது. அதனால் எங்கள் பழைய பிக்கப்தான். அவர் ஓட்டிய வண்டி, அவருக்குக் கால் தளர்ந்ததும் என் கைக்கு வந்தது. உள்ளூரில் முனகிக்கொண்டே மூட்டை சுமக்கும். மலைப்பாதை பார்த்து வருஷக்கணக்காகிறது.

மெக்கானிக்குக்குத் தெருவில் ‘இதோ’ என்றுதான் பெயர். எப்போது போய்க் கேட்டாலும் இதோ முடிந்துவிடும் என்பார், முடியாது. அப்படிப்பட்டவரே பிரேக்கைச் சரி பார்த்து, ரேடியேட்டர் குழாயை மாற்றி, ஆயில் ஊற்றி, இனி தாராளமாகப் போகலாம் என்று சொன்னபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே பைகளைக் கட்டி வைத்தேன்.

அப்பா விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவை உள்ளிருந்து பூட்ட வரவில்லை என்றார். சரி செய்தேன். மறுநாள், டயர் கழற்றும் ஸ்பேனர் குட்டை, நீளமாக வாங்கு என்றார். வாங்கினேன். அடுத்து ஹெட்லைட் மங்கல் என்றார். ஒவ்வொன்றுக்கும் கிளம்பும் நாள் தள்ளிப் போனது. அவர் உட்காரப்போகும் சீட்டில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தைக்கட்டுமா என்று கேட்டால் மட்டும், மேலே ஒரு துண்டைப் போடு, போதும் என்றார்.

மனுஷன் போக இஷ்டமில்லாமல் சாக்கு தேடுகிறார் என்று எனக்குள் எரிந்தது. அண்ணன் வேறு போன் செய்து, வருகிறீர்களா இல்லையா என்று ஒரு மாதிரியாகக் கேட்டான். அவன் மனசு மாறிவிட்டால் என் கதி அவ்வளவுதான்.

கடைசியில் ஸ்டெப்னிக்கு வந்தார். மாற்று டயர் மொழுமொழுவென்று தேய்ந்து கிடக்கிறது, புதிதாகப் போடச் சொல் என்றார். முந்தின இரவு நான் கண்ணே மூடவில்லை. கத்திவிட்டேன்.

“இன்னும் எத்தனை நாள்ப்பா இழுத்தடிப்பீங்க? போக இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க. ஏன் என்னை இந்தப் பாடு படுத்துறீங்க?”

பக்கத்தில் நின்ற மெக்கானிக் ‘இதோ’, அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், சட்டென்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்பா கோபப்படவில்லை. “போறதுக்கு இந்த டயரே போதும்மா. வழியில நின்னுட்டாலும் நான் பக்கத்துல இருப்பேன், பேச்சுத் துணைக்காவது ஆவேன். திரும்பி வரும்போது நீ ஒத்தையாத்தானே வரணும்?”

கதவுப் பூட்டும், ஸ்பேனரும், விளக்கும் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

“யாருப்பா சொன்னா?”

“யாரும் சொல்லல. உன் பையில ரெண்டு செட் துணி வச்சிருக்கே. என் பையில, வீட்டுல இருந்த எல்லாத்தையும் வச்சுட்டியேம்மா.”

இல்லை அப்பா, சேர்ந்துதான் திரும்புவோம் என்று சொல்லியிருக்கலாம். அது இன்னொரு பொய். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல மனசு கிடந்து துடித்தது. ஆனால் சொன்னால் அன்று இரவே மறுபடியும் எழுந்திருக்க வேண்டும், அதற்கு மறுநாளும், அதற்கு மறுநாளும். எனக்குத் தெம்பில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், புது டயரே போடும்படி வண்டிக்கு அடியில் இருந்தவரிடம் சொன்னேன்.

விடிந்ததும் அப்பாவைத் தாங்கி ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டும்வரை மெதுவாகத்தான் ஓட்டினேன். அவர் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாலும் வண்டியை வீட்டுக்குத் திருப்பியிருப்பேன்.

“வண்டி நல்லா இருக்கும்மா,” என்றார் அப்பா. “நீ வேகமாவே போ.”